டீச்சரிடம் கேளுங்கள்: ஜூலியட்டுக்கு ஒரு தோழி இருந்திருந்தால்

ஷேக்ஸ்பியரைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்று பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி போன இதழில் கேட்டிருந்தாள். ‘ரோமியோ ஜூலியட்’டில் தொடங்கு, அந்த நாடகத்திலேயே தெளிவாக யோசிக்கிற ஒரே ஆள் ஜூலியட்தான் என்று நாலு வரியில் பதில் எழுதினேன். அந்த நாலு வரியை ஏற்றும் மறுத்தும் நீலகிரி முழுக்கவிருந்து கடிதங்கள். சில கடிதங்களில் நல்ல கோபமும் இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க ஜூலியட்தான்.

● பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் காதல், கல்யாணம், சாவு. இதையா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது? அந்தக் காலத்தில் அங்கே இதெல்லாம் சகஜமா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், குன்னூர்

சகஜம் இல்லை அய்யா. சட்டப்படி அன்றைய இங்கிலாந்தில் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதானால் கல்யாணம் செய்யலாம். ஆனால் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் இருபத்தைந்தை ஒட்டித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆனுக்குக் கல்யாணத்தின்போது வயது 26. அவர்களுடைய மூத்த மகள் சுசானாவுக்கு 24 வயதில்தான் கல்யாணம் நடந்தது.

அந்த சுசானா பிறந்தது 1583ல். நாடகம் எழுதப்பட்டது 1595ஐ ஒட்டி. அதாவது ஜூலியட்டை எழுதியபோது ஷேக்ஸ்பியருக்கே ஏறக்குறைய அந்த வயதில் ஒரு மகள் இருந்தாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாடகத்தை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது.

இன்னொன்றும் பாருங்கள். கதை அவருடைய சொந்தக் கதை இல்லை. இத்தாலிக்காரர் பண்டெல்லோ 1554ல் எழுதிய கதையில் ஜூலியட்டுக்கு 18 வயது. ஆர்தர் புரூக் 1562ல் அதையே ஆங்கிலத்தில் நீண்ட கவிதையாக எழுதியபோது வயது 16கூட நிரம்பவில்லை என்றார். ஷேக்ஸ்பியர் இன்னும் குறைத்தார். ஜூலை 31ஆம் தேதி ராத்திரி வந்தால்தான் அவருடைய ஜூலியட்டுக்குப் பதினான்கு முடிகிறது. அதற்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று வளர்த்த செவிலி கேட்க, இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்கிறாள் அம்மா. முதல் அங்கத்தில் அப்பாவே, “இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் குழந்தை” என்று மாப்பிள்ளையைத் தள்ளிப்போடுகிறார். அம்மாவோ, “உன் வயதில் நான் உன்னைப் பெற்றுவிட்டேன்” என்கிறாள். உங்களுக்கு வந்த கோபம், பார்க்கிற எல்லோருக்கும் வர வேண்டும் என்றுதான் அவர் வயதைக் குறைத்தார் என்று நான் நம்புகிறேன்.

நம் கண்ணகிக்குக் கல்யாணத்தின்போது வயது பன்னிரண்டு. கோவலனுக்குப் பதினாறு. இளங்கோ மங்கல வாழ்த்திலேயே சொல்லிவிடுகிறார். சிலப்பதிகாரத்தைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லி யாரும் எழுதுவதில்லை. நம் நாட்டில் 1929ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் வயதைப் பதினான்கு ஆக்கியது. பன்னிரண்டு என்றிருந்த இங்கிலாந்தில் பதினாறு ஆனதும் அதே 1929ல்தான். இந்தக் கணக்கையெல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து பேசத்தான் இந்த நாடகம் வகுப்பில் வேண்டும்.

● இத்தாலியில் ஜூலியட்டின் வீடு இருக்கிறதாமே, உண்மையா?
– கல்லூரி மாணவர், ஊட்டி

வெரோனா ஊரில் அந்தப் பெயரில் ஒரு பழைய வீடு இருக்கிறது. ஜூலியட் என்ற பெண் வாழ்ந்ததற்குச் சான்று கிடையாது. எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த பால்கனி இருபதாம் நூற்றாண்டில் வைத்தது. எனக்குப் பிடித்தது வேறு. ‘ஜூலியட், வெரோனா’ என்று மட்டும் விலாசம் எழுதி உலகம் முழுக்கவிருந்து கடிதம் போடுகிறார்கள். 1930களில் ஜூலியட்டின் கல்லறை என்று சொல்லப்படும் இடத்தைப் பார்த்துக்கொண்டவர், வந்த கடிதங்களுக்குப் பதில் எழுத ஆரம்பித்தார். இன்றைக்கும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கையால் பதில் எழுதுகிறார்கள். கேள்வி பதில் பகுதி நடத்துகிற எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை உண்டு.

● என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஜூலியட்டாக நடிக்கிறாள். பால்கனிக் காட்சி. பால்கனி செட்டுக்கு நிறையச் செலவாகும் என்கிறார்கள். நடிப்புக்கும் ஏதாவது சொல்லுங்கள் டீச்சர்.
– ஒரு அம்மா, கூடலூர்

செட் வேண்டவே வேண்டாம்மா. வரிகளில் இருப்பது ஒரு ஜன்னல்தான். இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு, அதன் மேல் ஏறி நிற்கட்டும். முன்னால் ஒரு சட்டம் இருந்தால் போதும்.

நடிப்புதான் முக்கியம். இந்தக் காட்சியில் பெரும்பாலான பெண்கள் கன்னத்தில் கை வைத்துப் பெருமூச்சு விடுவார்கள். உங்கள் மகள் அப்படிச் செய்ய வேண்டாம். வரிகளை உட்கார்ந்து அவளோடு படியுங்கள். இருட்டில் பகை வீட்டுப் பையனான ரோமியோ நிற்பது தெரிந்ததும் ஜூலியட் கேட்பது என்ன? எப்படி உள்ளே வந்தாய், சுவர் இவ்வளவு உயரமாயிற்றே, எங்கள் ஆட்கள் பார்த்தால் கொன்றுவிடுவார்களே. அவன் காதலின் சிறகில் பறந்து வந்தேன் என்கிற மாதிரி பதில் சொல்கிறான். அவள் விடாமல், யார் வழி காட்டினார்கள் என்று மறுபடி கேட்கிறாள். அவன் நிலா மேல் சத்தியம் செய்யப் போனால், மாதம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கிற நிலா மேல் சத்தியம் வேண்டாம் என்கிறாள். இது ரொம்ப அவசரம், யோசிக்காமல் செய்வது, மின்னல் மாதிரி இருக்கிறது என்று பயப்படுகிறாள். கடைசியில் கல்யாணப் பேச்சை எடுப்பதும் அவள்தான்: உன் எண்ணம் நல்லதென்றால், கல்யாணம் என்றால், நாளைக்குச் சொல்லி அனுப்பு, இல்லையென்றால் என்னை விட்டுவிடு. எத்தனை மணிக்கு ஆள் அனுப்பட்டும் என்றுகூடக் கேட்டு, ஒன்பது மணி என்று முடிவு செய்துவிட்டுத்தான் அவனைப் போகவிடுகிறாள்.

ஆக, பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, மூளை வேகமாக ஓடுகிற ஒரு பெண். வேகமாகப் பேசட்டும். அடிக்கடி உள்ளே திரும்பிப் பார்க்கட்டும், ஏனென்றால் செவிலி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கூடலூரில் விழா நேரத்தில் மழை வந்துவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே ஒன்றும் கேட்காது. கடைசி வரிசையில் நீங்கள் உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள்.

பையன்கள் பள்ளிகளில் பெண் வேஷத்துக்கு ஆளில்லை என்றும், பெண்கள் பள்ளிகளில் ரோமியோவாக நடிக்கப் பையன் இல்லை என்றும் கவலைப்படுவார்கள். கவலையே வேண்டாம். நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்களைப் போல, ஷேக்ஸ்பியர் காலத்தில் ஜூலியட்டாக நடித்ததும் குரல் உடையாத பையன்கள்தான். 1660லிருந்துதான் அங்கே பெண்கள் மேடை ஏறினார்கள்.

● மாப்பிள்ளை பாரிஸ் நல்ல குடும்பம், நல்ல பையன். பெற்றவர்கள் நல்லது நினைத்துத்தானே ஏற்பாடு செய்தார்கள்? ஓடிப்போய்க் கல்யாணம் செய்து, கடைசியில் தற்கொலை செய்துகொண்ட பெண்ணை ஏன் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள்?
– இரண்டு பெண்களின் அப்பா, கட்டபெட்டு

பாரிஸ் நல்லவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவனும் அந்தக் கல்லறையில்தான் சாகிறான், ஜூலியட்டுக்குப் பூப்போட வந்த இடத்தில். ஆனால் அப்பா அந்தக் கல்யாணத்தை முடிவு செய்யும் நேரத்தில் ஜூலியட் ரோமியோவின் மனைவி. அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு அவரும் ஒரு காரணம்.

மூன்றாவது அங்கம், ஐந்தாவது காட்சி. ஞாயிறு ராத்திரி பார்த்துக்கொண்டவர்கள், திங்கள் மத்தியானம் கல்யாணம், அன்றைக்கே தெருச்சண்டையில் அவளுடைய தாய்மாமன் மகனான டிபால்ட் ரோமியோ கையால் சாகிறான், ரோமியோவுக்கு நாடு கடத்தல். செவ்வாய் விடிகாலை அவன் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து நிற்கிறார். வியாழக்கிழமை உனக்கும் பாரிஸுக்கும் கல்யாணம். அவள் மாட்டேன் என்கிறாள். முழங்கால் போட்டுக் கெஞ்சுகிறாள். முதல் அங்கத்தில் “அவள் சம்மதம்தான் முக்கியம்” என்று சொன்ன அதே மனிதர், கோயிலுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போவேன், இல்லையென்றால் தெருவில் பிச்சை எடு, பட்டினி கிட, செத்துப்போ என்கிறார். கை அரிக்கிறது என்கிறார்.

கோத்தகிரியில் வகுப்பில் இந்த இடத்தைப் படித்த ஒரு மத்தியானம் எனக்கு மறக்காது. எல்லாம் தேயிலைத் தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் வேலை செய்கிறவர்களின் பெண்கள். வெளியே மூடுபனி, உள்ளே டியூப்லைட். பழைய ஆங்கிலம் புரியாது என்று நினைத்து ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் ஒருத்தி எழுந்து, “டீச்சர், எங்க அப்பா பேசுறதை இவருக்கு யாரு சொன்னாங்க?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மிச்ச வரிகளுக்கு நான் பொருள் சொல்லவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. மற்றப் பிள்ளைகளை எல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சிய ஒரே மகள் அவள். வீட்டில் துக்கம், அதை ஒரு கல்யாணத்தால் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார். நம் வீடுகளிலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் “ஏன் மாட்டேன் என்கிறாய்?” என்று ஒருமுறை, ஒரே ஒரு முறை, பொறுமையாகக் கேட்டிருந்தால்? உங்களுக்கும் இரண்டு பெண்கள் இருப்பதால் கேட்கிறேன்.

தற்கொலை பற்றி. சாவதற்காக அவள் மருந்து குடிக்கவில்லை. நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம் போலத் தூங்கி, எழுந்து, மாண்டுவா நகரத்துக்குப் போய் ரோமியோவோடு வாழத்தான் குடித்தாள். குடிப்பதற்கு முன்னால் அவள் தனியாக நின்று பேசுவதைப் படியுங்கள்: மருந்து வேலை செய்யாவிட்டால் என்ன, மருந்து கொடுத்த பாதிரியார் விஷத்தைக் கொடுத்திருந்தால் என்ன, அவன் வருவதற்கு முன்னால் விழித்துக் காற்றில்லாமல் திணறினால் என்ன. சாவுக்கு அவ்வளவு பயப்படுகிற பெண். அவள் சாகவில்லை, தூங்குகிறாள் என்று ரோமியோவுக்குச் சொல்ல வேண்டிய கடிதம் போய்ச் சேராததால்தான் திட்டம் உடைந்தது. கடிதம் கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். 2020ல் இ-பாஸ் இல்லாமல் பர்லியார் செக்போஸ்ட்டில் திரும்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

அவளுடைய முடிவைச் சரி என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். அந்த முடிவுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்கிறேன்.

● நம் இலக்கியத்தில் ஜூலியட் யார்? அம்பிகாபதியின் அமராவதியைச் சொல்லலாமா?
– பி.ஏ. தமிழ் மாணவி, கோத்தகிரி

எல்லோரும் அமராவதியைத்தான் சொல்வார்கள். எனக்கு ஜூலியட்டைப் படிக்கும்போதெல்லாம் ஞாபகம் வருவது சங்கக் காதல் பாட்டுகளில் வரும் பெயரில்லாத நம் அகத்திணைத் தலைவி. நீ தமிழ் படிப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

களவொழுக்கத்தில், அதாவது ஊரறியாத காதலில், என்னவெல்லாம் வரும்? ராத்திரி சந்திப்பு, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைக்கிற இற்செறிப்பு, வேற்று வீட்டார் பெண் கேட்டு வருவது, சீக்கிரம் வந்து மணந்துகொள் என்று தலைவனை நெருக்குவது. ஒவ்வொன்றும் அந்த வெரோனாக் கதையில் இருக்கிறது. பெற்றவளான நற்றாய் இருக்கிறாள், செவிலி இருக்கிறாள். செவிலி வெறும் வேலைக்காரி இல்லை, பால் கொடுத்து வளர்த்தவள். பால் மறக்கடிக்க மார்பில் கசப்பு மருந்து தடவிய கதையை அவள் சொல்கிற இடத்தில் என் வகுப்புப் பெண்கள் எல்லோரும் “வேப்பெண்ணெய்!” என்று கத்துவார்கள்.

அங்கே இல்லாத ஆள் ஒருத்திதான். தோழி.

தோழி இல்லாமல் நம் அகப்பாட்டு நகருமா? தலைவனிடம் பேசுவது அவள், தலைவியைத் தேற்றுவது அவள், கல்யாணத்தை முடித்து வைப்பதும் அவள். முக்கியமாக அறத்தொடு நிற்பது, அதாவது தலைவியின் காதலை வீட்டுக்கு எடுத்துச் சொல்வது, அவள். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். ஒரு பெண்ணின் ரகசியம் அவளை உடைத்துவிடாமல், படிப்படியாக வீட்டின் நடுக்கூடத்துக்கு வந்து சேர்வதற்கு நம் முன்னோர் ஒரு வழியே போட்டு வைத்திருந்தார்கள். எப்படியெல்லாம் எடுத்துச் சொல்லலாம் என்று தொல்காப்பியர் ஏழு வகை சொல்கிறார்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள். 261 அடி. தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயருக்காகத்தான் அதை நமக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த 261 அடியும் ஒரு தோழி செவிலியிடம் பேசுகிற பேச்சு. என்ன நோயென்று தெரியாமல் கோயில் குளம் என்று அலைகிறாயே அம்மா, உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே என்று தொடங்குகிறாள். தினைப்புனம் காக்கப் போனது, அருவியில் குளித்தது, பூப்பறித்துப் பாறையில் குவித்தது, அவன் வந்தது, மதயானை வந்தது, அவன் அம்பு விட்டது என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறாள். சாமையும் தினையும் விளைந்த நம் சரிவுகளில் இப்போது தேயிலை. ஆனாலும் கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் படித்துப் பார், அந்தத் தோழியின் குரல் பக்கத்து சீட்டில் கேட்கும்.

இப்போது ஜூலியட்டுக்கு வா. தோழி யாராக இருப்பாள்? “தோழி தானே செவிலி மகளே” என்கிறது தொல்காப்பியம். ஜூலியட்டின் செவிலிக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் சூசன். முதல் அங்கத்தில், தான் வளர்த்த பெண்ணின் வயதைச் சொல்லும்போது செவிலி போகிற போக்கில் சொல்கிறாள்: சூசனுக்கும் இவளுக்கும் ஒரே வயது, சூசன் கடவுளிடம் போய்விட்டாள், எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வளவுதான். அப்புறம் அந்தக் குழந்தையைப் பற்றி நாடகத்தில் பேச்சே இல்லை. எத்தனையோ தடவை படித்தும், எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியும், தொல்காப்பிய வரியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜூலியட்டின் தோழி குழந்தையிலேயே இறந்துவிட்டாள். அந்த வீட்டில் அறத்தொடு நிற்க வேண்டியவளின் இடம் காலியாகவே இருக்கிறது.

சரி, தோழி இல்லை. செவிலியாவது நின்றாளா? எல்லாம் தெரிந்தவள் அவள். தூது போனவள், கயிற்றேணி கொண்டுவந்தவள். அப்பா கத்திவிட்டுப் போகிறார். அம்மா, “என்னிடம் பேசாதே, உன் இஷ்டப்படி செய், நான் உன்னைக் கைகழுவிவிட்டேன்” என்று போகிறாள். ஜூலியட் செவிலி பக்கம் திரும்பி, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல் என்கிறாள். அந்த நேரத்தில் செவிலி அம்மாவின் பின்னால் ஓடிப்போய், “தாயே, இவளுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகிவிட்டது” என்று சொல்லியிருந்தால்? அடி விழுந்திருக்கும், வேலை போயிருக்கும், வீடு ரெண்டுபட்டிருக்கும். ஜூலியட் உயிரோடு இருந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவளோ, ரோமியோ திரும்பி வரமாட்டான், பாரிஸைக் கட்டிக்கொள், அவனுக்கு முன்னால் ரோமியோ கரித்துணி என்கிறாள்.

ஜூலியட் அழவில்லை. “நீ எனக்கு அற்புதமாக ஆறுதல் சொன்னாய்” என்று சொல்லி அவளை அனுப்பிவிடுகிறாள். அவள் போனதும், இனி உனக்கும் என் மனசுக்கும் சம்பந்தமில்லை என்று தனக்குள் முடிவு செய்கிறாள். பதினான்கு முடியாத பெண் அதற்குப் பிறகு யாரிடமும் உண்மை பேசுவதில்லை, அந்தப் பாதிரியார் ஒருவரைத் தவிர. அவரும் கடைசியில் கல்லறைக்குள் வந்து, செத்துக் கிடக்கிற ரோமியோவைப் பார்த்துவிட்டு, விழித்தெழுந்த ஜூலியட்டிடம், வா, உன்னைக் கன்னியர் மடத்தில் சேர்க்கிறேன் என்கிறார். வெளியே காவலர் சத்தம் கேட்கிறது. இனி நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை என்று அவளைப் பிணங்களோடு விட்டுவிட்டு ஓடுகிறார்.

தேர்வில் இதை எழுதலாமா என்று கேட்பாய். தாராளமாக எழுது. குறிஞ்சிப்பாட்டிலிருந்து அடிகளை எடுத்துக் காட்டி எழுது.

● டீச்சர், எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ. மாமா பையனுக்கு என்னைக் கொடுக்க வைகாசியில் தேதி குறித்துவிட்டார்கள். எனக்கு வேறொருவரைப் பிடிக்கும். அவர் வந்துவிடு என்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஜூலியட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.
– பெயர், ஊர் வேண்டாம்

கண்ணு, நீ எழுதியது ரொம்ப நல்லது.

முதலில் சட்டம். பதினெட்டு முடியாமல் உனக்குக் கல்யாணம் செய்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் அது பெரியவர்களுக்குத் தண்டனை உள்ள குற்றம். 1098க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது. மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம், இதை நிறுத்துவது அவர் பொறுப்பு. ஊட்டிக்குப் போய் நிற்க வேண்டும் என்று பயப்படாதே, ஒரு போன் போதும். உனக்குப் பதிலாக உன் வகுப்பு டீச்சரும் பேசலாம்.

அந்தப் பையனோடு போகாதே. பதினெட்டுக்குள் நீ போனால் அவன் மேல் போக்சோ வழக்கு வரும், உன் சம்மதம் அங்கே எடுபடாது. அவனுக்கு உன் மேல் உண்மையான அக்கறை இருந்தால் நீ பரீட்சை எழுதும்வரை, அதற்கு மேலும், காத்திருப்பான். அவனிடம் இதை இப்படியே சொல்.

அடுத்தது வீடு. அப்பாவிடம் நேராகப் போக வேண்டாம். பெரியம்மாவோ, சித்தியோ, கல்யாணமான அக்காவோ, அம்மா பேச்சைக் கேட்கிற ஒருத்தியைத் தேர்ந்தெடு. உன்னிடம் தனியாகப் பேசும்போது ஒன்று, அம்மா முன்னால் ஒன்று என்று மாற்றுகிறவளாக இருக்கக்கூடாது. கல்யாணம் வேண்டாம், படிக்க வேண்டும் என்பதை முதலில் சொல். பையன் விஷயத்தை எப்போது சொல்வது என்று அவளோடு சேர்ந்து முடிவு செய்துகொள்.

ராத்திரியில் மனசு ரொம்ப இருட்டாக இருந்தால், இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால், 14416க்குக் கூப்பிடு. டெலிமானஸ். இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், இலவசம்.

இந்த இதழ் உன் கைக்கு வந்த அன்றைக்கே அந்த ஒருத்தியிடம் பேசிவிடு. பத்திரிகை விலாசத்துக்கு என் பெயர் போட்டு, யாரிடம் சொன்னாய், என்ன சொன்னார்கள் என்று எழுது. அதை அச்சில் போடமாட்டேன்.